குளுகோர் குன்றில் முதல் மாதம்: யூ.எஸ்.எம். வளாகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

ஆஃபர் லெட்டர் வந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பில் பாயசம் கொதிக்கும். அம்மா கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார். அப்பா நாலு பேருக்கு ஃபோன் போடுவார். அந்தக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை மட்டும் யாரும் படிக்க மாட்டார்கள். முக்கியமானதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

நான் யூ.எஸ்.எம். என்ற இந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. பக்கத்துத் தாமானிலேயே (குடியிருப்புப் பகுதி) குடியிருப்பதால், பதிவு நாளில் தெரிந்தவர்களின் பிள்ளைகளுக்குத் துணையாகப் போவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வோர் ஆண்டும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், அதே இடங்களில் தடுமாறுகிறார்கள். வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போகும் முதல் ஆளாக நீங்கள் இருந்தால், கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு அண்ணனோ அக்காவோ இருக்க மாட்டார்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், எந்த வளாகம் என்று பாருங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பதிவு நாளில், சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு குடும்பம் வேன் எடுத்துக்கொண்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, அத்தை, பாட்டி, நடுவில் பையன். தலையணை, வாளி, துணி மாட்டும் கம்பி, இரண்டு தூக்குச்சட்டி. விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். பையனுக்குக் கிடைத்திருந்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். கடிதத்தைப் பார்த்த மாணவி மெதுவாகச் சொன்னாள்: "அங்கிள், இவர் போக வேண்டியது நிபோங் தெபால். இங்கே இல்லை." வந்த வழியில் அந்த ஊரைத் தாண்டித்தான் அவர்கள் வந்திருந்தார்கள். பாட்டி அப்போதுதான் வேனை விட்டு இறங்கி, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

யூ.எஸ்.எம்-முக்கு மூன்று வளாகங்கள். முதன்மை வளாகம் பினாங்குத் தீவில், குளுகோரில். இன்ஜினியரிங் பள்ளிகள் எல்லாம் பெருநிலப் பகுதியில், நிபோங் தெபாலில். அவை முன்பு பேராக்கில் இருந்தன, 2001-இல்தான் அங்கே இடம் மாறின. மருத்துவம், பல் மருத்துவம், சுகாதார அறிவியல் ஆகியவை கிளந்தானில், குபாங் கெரியானில். மருந்தியல் (ஃபார்மசி) இதில் சேராது, அது தீவில்தான். நிபோங் தெபாலும் பினாங்கு மாநிலம்தான் என்பதால் முகவரியில் 'பூலாவ் பினாங்' என்றே இருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வளாகத்தின் பெயரைப் பென்சிலால் வட்டமிட்டு, வீட்டில் எல்லாரிடமும் காட்டிவிடுங்கள். வண்டி ஓட்டப் போகிறவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

காகிதமும் காசும்

யூ.பி.யு. (அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப முறை) முடிவு வந்ததும் குறித்த நாளுக்குள் இணையத்தில் 'ஏற்கிறேன்' என்று உறுதி செய்ய வேண்டும். கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள்.

அடுத்தது மருத்துவப் பரிசோதனைப் பாரம். அரசாங்கக் கிளினிக்கில் செலவு குறைவு, ஆனால் எக்ஸ்ரே எடுக்கவும் முடிவு வரவும் நாளாகும். அதனால் முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் முடிவு, மூயெட் ஆங்கிலத் தேர்வுச் சான்றிதழ், பெற்றோரின் சம்பளச் சீட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் மூன்று நகல் எடுத்து, சான்றொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பழைய தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடமே போகலாம். முத்திரை குத்தும்போது அவர் முகத்தில் தெரியும் சந்தோஷத்துக்காகவாவது போங்கள். அப்பாவுக்குச் சம்பளச் சீட்டு இல்லையென்றால், கூலி வேலையோ சொந்தத் தொழிலோ என்றால், வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம் வேண்டும். அதை ஊரில் இருக்கும்போதே வாங்க வேண்டும். பினாங்குக்கு வந்த பிறகு அதற்காக அலைவது பெரும்பாடு.

பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடன்தான் நம் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கைகொடுப்பது. அதற்கு விண்ணப்பிக்க முதலில் எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு வேண்டும். ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம் உண்டு. முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனைகளோடு கடனிலிருந்து விலக்கும் கிடைக்கும். வீட்டில் ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுங்கள்: பதிவு நாளன்று முழுக் கடன் பணமும் கையில் இருக்காது. விண்ணப்பம், ஒப்பந்தம், அனுமதி எல்லாம் முடிந்து பணம் வர வாரங்கள் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கும் கட்டணத்துக்கும் கையில் பணம் வேண்டும். சங்கிலியை அடகு வைக்கிற நிலைமைக்குப் போகுமுன், உதவி கேட்கக்கூடிய இடங்களைப் பாருங்கள். பினாங்கு வாசிகளுக்கு இந்து அறப்பணி வாரியம் கல்வி உதவி தருகிறது. எம்.ஐ.இ.டி. என்ற கல்வி அமைப்பு கல்விக் கடன் தருகிறது. பல்கலைக்கழகத்தின் மாணவர் விவகாரப் பிரிவிலும் கேட்கலாம். சொந்தக்காரர்களிடம் கேட்பதைவிட அங்கே கேட்பது எளிது. அங்கே இருப்பவர்களுக்கு அது தினமும் வரும் கேள்வி.

நிற்கும் மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதையும் ஒரு படியாகவே சேர்க்கிறேன். இந்த இடத்தின் கதை தெரியாதவர்களுக்கு முதல் வாரம் முழுக்க வழி தப்பும். கதை தெரிந்தால் சாலைகள் ஏன் இப்படி வளைகின்றன என்பது புரியும்.

பினாங்குக்கு ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி வேண்டும் என்று மாநிலச் சட்டமன்றம் 1962-இல் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு நாட்டில் இருந்த ஒரே பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகம். 1967 ஆகஸ்ட்டில் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் சுங்கை ஆராவில் அடிக்கல் நாட்டினார். கல் நாட்டியது அங்கே, பல்கலைக்கழகம் எழுந்ததோ வேறிடத்தில். 1969 ஜூன் 1-ஆம் தேதி 'பினாங்குப் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் அது தொடங்கியபோது சொந்தக் கட்டடம்கூட இல்லை. புக்கிட் குளுகோரில் இருந்த மலாயா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில்தான் இடம் கொடுத்தார்கள். முதல் தொகுதியில் 57 மாணவர்கள், எல்லாரும் அறிவியல் பிரிவு. ஒரு பள்ளிப் பேருந்தில் நெருக்கி உட்கார்ந்தால் அடங்கிவிடும் கூட்டம். தேதியையும் கவனியுங்கள். மே 13 இனக்கலவரம் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, நாட்டில் அவசரகாலம். அந்த நேரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்து 57 பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வரும்.

1971-இல் இப்போதைய இடத்துக்கு வந்தார்கள். இது பிரிட்டிஷ் இராணுவ முகாமாக இருந்த மிண்டன். பெயர் மலாயும் இல்லை, தமிழும் இல்லை. 1759-இல் ஜெர்மனியில் மிண்டன் என்ற ஊரில் நடந்த போரின் நினைவாக இராணுவம் வைத்த பெயர். மொத்தம் 239.4 ஹெக்டர், நம் கணக்கில் ஏறக்குறைய 590 ஏக்கர். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய நிலம் என்று சொல்ல வேண்டியதில்லை. குன்றின் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி முகாம் சாலைகளைப் போட்டிருந்தார்கள். பல்கலைக்கழகம் அவற்றை நேராக்கவில்லை, மரங்களையும் கண்டபடி வெட்டவில்லை. சிப்பாய்கள் அணிவகுத்த மைதானம் இன்றும் 'பாடாங் காவாட்' என்ற பெயரோடு இருக்கிறது. முதல் துணைவேந்தர் டான் ஸ்ரீ ஹம்சா செண்டுட் புவியியல் பேராசிரியர். நூலகத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் 'ஃபெக்கல்டி' என்பதை இங்கே 'புசாட் பெங்காஜியான்' (பள்ளி) என்பார்கள். பாடத்துறைகளுக்கு இடையே சுவர் வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எடுத்த முடிவு அது. 2008-இல் உலகத் தரத்துக்கு உயர்த்துவதற்கான 'ஏபெக்ஸ்' தகுதியை அரசாங்கம் கொடுத்ததும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குத்தான்.

இனி செய்ய வேண்டியது: முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், ஒரு போத்தல் தண்ணீரும் குடையும் எடுத்துக்கொண்டு வளாகத்தை நடந்தே பாருங்கள். வளாகப் பேருந்து இருக்கிறதுதான். பேருந்திலேயே போய்ப் பழகியவர்களுக்குக் கடைசி ஆண்டு வரை குறுக்குப் படிக்கட்டுகள் தெரியாது. கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த வகுப்பு எந்த 'டி.கே.'யில் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் போங்கள். டி.கே. என்றால் டேவான் கூலியா, விரிவுரை மண்டபம். ஏ, பி, சி என்று எழுத்து வரிசையில் பெயர் இருக்கும். ஆனால் ஏ-க்குப் பக்கத்தில் பி இருக்கும் என்று நம்பாதீர்கள். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு எத்தனை நிமிடம் என்று அட்டவணையின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்பது மணி வகுப்பு முடிந்து பத்து மணி வகுப்பு குன்றின் மறுபக்கம் என்றால், எவ்வளவு வேகமாக நடக்க வேண்டும் என்று முன்பே தெரிந்திருக்கும்.

போகிற வழியில் மேட்டுப் பகுதியில் ஓர் இடத்தில் நின்று கிழக்கே பாருங்கள். பினாங்குப் பாலம் கடல்மேல் நீளமாகப் போவது தெரியும். வீட்டு நினைப்பு வரும்போது நான் அங்கே போய் நிற்பேன். அந்தப் பாலத்தின் அந்தக் கோடியில் வீட்டுக்குப் போகும் சாலை.

விடுதி

இங்கே விடுதிக்கு டேசாசிஸ்வா என்று பெயர். 'டேசா' நம்முடைய தேசம், 'சிஸ்வா' நம்முடைய சிஷ்யன். அமான் டமாய், பக்தி பெர்மாய், சஹாயா கெமிலாங், ஃபஜார் ஹராப்பான், இண்டா கெம்பாரா, ரெஸ்து, சௌஜானா, தெகுன் என்று பெயர்கள். கடைசி மூன்றையும் சேர்த்து ஆர்.எஸ்.டி. என்பார்கள். அவை முதன்மை வளாகத்துக்கு வெளியே, சாலைக்கு அப்பால் இருக்கும் உயர்ந்த கட்டடங்கள். ஆர்.எஸ்.டி. கிடைத்தவர்கள் காலை எட்டு மணி வகுப்புக்கு மற்றவர்களைவிட முன்னதாகக் கிளம்ப வேண்டும். பேருந்துக்கு நிற்கும் வரிசையை முதல் திங்கட்கிழமை பார்த்தால் புரியும்.

கொண்டு வர வேண்டியது அதிகம் இல்லை. மெத்தை விரிப்பு, வாளி, நீட்டிப்பு ஒயர், மேசை விளக்கு, பூட்டு இரண்டு. சோற்றுப்பானை, மின்அடுப்பு எல்லாம் அறையில் கூடாது. பிடிபட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சின்னச் சாமி படம் வைப்பதில் தடை ஒன்றும் இல்லை. கற்பூரம், ஊதுபத்தி மட்டும் வேண்டாம். தீ எச்சரிக்கை மணிக்காக மட்டுமல்ல, அறைத்தோழிக்கு மூச்சுத்திணறல் இருக்கலாம்.

அடுத்த ஆண்டும் விடுதி கிடைக்க வேண்டுமென்றால் நடவடிக்கைகளில் கலந்துகொண்டு 'மைசிஎஸ்டி' என்ற மாணவர் நடவடிக்கைப் புள்ளி சேர்க்க வேண்டும். முதல் ஆண்டிலேயே இதைத் தொடங்கிவிடுங்கள். வெளியே வாடகைக்கு எடுப்பவர்கள் சுங்கை டுவா, புக்கிட் கம்பிர் பக்கம் தேடுவார்கள். வீட்டை நேரில் பார்க்காமல் முன்பணம் அனுப்பாதீர்கள். ஃபோனில் வந்த படத்தை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்த பிள்ளைகள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

முதல் நான்கு வாரம்

ஒரு பருவத்தில் மொத்தம் பதினான்கு வாரப் பாடம், நடுவில் ஒரு வார விடுமுறை, பிறகு படிப்பு வாரம், பிறகு பரீட்சை. எஸ்.டி.பி.எம். படித்துவிட்டு வருகிறவர்கள் ஒன்றரை ஆண்டு ஓட்டத்துக்குப் பழகியவர்கள். இங்கே ஆறாம் ஏழாம் வாரத்திலேயே இடைத்தேர்வு வந்துவிடும். அதற்குள் எல்லாம் புரிந்திருக்க வேண்டும். முதல் பருவத்தில் பி.என்.ஜி.கே. (மொத்தத் தரப்புள்ளிச் சராசரி) இறங்கினால் அதை மேலே தூக்க மூன்று பருவம் பிடிக்கும். 2.00-க்குக் கீழே போனால் கண்காணிப்பு நிலையில் வைப்பார்கள். அதனால்தான் நான்கு வாரம் என்று சொல்கிறேன்.

முதல் வேலை பாடப் பதிவு. துறைப் பாடங்களோடு எல்லாருக்கும் கட்டாயமான பாடங்களும் இருக்கும்: தத்துவமும் நடப்பு விவகாரமும், நெறியும் நாகரிகமும், எல்.கே.எம். 400 என்ற மலாய் மொழிப் பாடம், ஆங்கிலப் பாடங்கள். எதை எந்தப் பருவத்தில் எடுப்பது என்று உங்கள் கல்வி ஆலோசகரிடம் நேரில் போய்க் கேளுங்கள். ஆலோசகர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு விரிவுரையாளரை நியமித்திருப்பார்கள். முதல் பருவத்தில் அவர் கதவைத் தட்டாத மாணவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் ஒரு பாடம் குறைகிறது என்று அழுதுகொண்டு வருகிறார்கள். பாடத்தைச் சேர்க்கவும் விடவும் முதல் வாரங்களில் மட்டும்தான் முடியும்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் நிறைய பேச வேண்டியிருக்கிறது. விரிவுரை மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும். தமிழ்ப்பள்ளியில் படித்துப் பிறகு தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போய் வந்தவர்கள் மலாயைப் பேசிச் சமாளிப்பார்கள். எழுதும்போது தடுக்கும். ஆங்கிலத்தைப் படித்தால் புரியும். கூட்டத்தில் வாயைத் திறக்கத் தயக்கமாக இருக்கும். இந்தத் தயக்கத்தால் விடை தெரிந்தும் கையைத் தூக்காமல் இருப்பவர்கள் நம்மில் ஏராளம். டுட்டோரியலில் பேசுவதற்கும் மதிப்பெண் இருக்கிறது என்பது பலருக்குப் பருவம் முடிந்த பிறகுதான் தெரிகிறது.

எனக்கு உதவியது என் அறைத்தோழி. கோத்தா பாருக்காரி. சனிக்கிழமை இரவு விடுதிப் படிக்கட்டில் உட்கார்ந்து என் மலாய்க் கட்டுரையைச் சத்தமாகப் படிப்பாள். முன்னொட்டும் பின்னொட்டும் தப்பாக விழுந்த ஒவ்வொரு சொல்லுக்கும் மேல் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்பாள். திருத்திக் கொடுக்க மாட்டாள், புள்ளி மட்டும்தான். என்ன தப்பு என்று நானே கண்டுபிடிக்க வேண்டும். முதல் கட்டுரையில் ஒரு பக்கத்துக்கு முப்பது புள்ளிகள் இருந்தன. பருவம் முடியும்போது ஐந்தாறுதான். பதிலுக்கு நான் அவளுக்கு வேதியியல் கணக்குகள் போட்டுக் காட்டினேன். அவளும் நானும் இன்றுவரை நோன்புப் பெருநாளுக்கும் தீபாவளிக்கும் பேசிக்கொள்கிறோம்.

அதனால் படிப்புக் குழு சேரும்போது நம்மவர்களோடு மட்டும் சேராதீர்கள். நான்கு பேர் குழுவில் ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், சரவாக்கிலிருந்தோ சபாவிலிருந்தோ ஒருவர் இருந்தால் எல்லாருக்கும் இலாபம். கல்லூரி வாழ்க்கையை விட்டால் அடுத்த இனத்துப் பிள்ளையோடு ஒரே மேசையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சண்டை போட்டுக் கணக்குப் போடும் வாய்ப்பு திரும்பக் கிடைக்காது.

இரண்டாம் வாரத்துக்குள் ஹம்சா செண்டுட் நூலகத்துக்குப் போய், பழைய பரீட்சைத் தாள்களை எப்படி எடுப்பது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவை இணையத்தில் நூலகத்தின் வழியாகக் கிடைக்கும். விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதினால் பெயர், மெட்ரிக் எண், பாடக் குறியீடு மூன்றும் முதல் வரியிலேயே இருக்கட்டும். நேரில் பேசும்போது 'டாக்டர்' அல்லது 'ப்ரோஃப்'. இடைநிலைப்பள்ளிப் பழக்கத்தில் 'சிகு' (ஆசிரியர்) என்று வந்துவிடும். யாரும் கோபப்பட மாட்டார்கள், மெல்ல மாற்றிக்கொள்ளலாம்.

உடம்பு சரியில்லையென்றால் வளாகத்துக்குள்ளேயே 'புசாட் செஜாத்ரா' மருத்துவ நிலையம் இருக்கிறது. மனசு சரியில்லையென்றால் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. இரண்டாவதற்குப் போவதை வீட்டில் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. முதல் மாதத்தில் தூங்க முடியவில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, எதற்கெடுத்தாலும் அழுகை வருகிறது என்றால் நான்கு நாள் காத்திருக்காமல் போங்கள்.

சாப்பாடும் தூக்குச்சட்டியும்

அம்மா கொடுத்து அனுப்பும் தூக்குச்சட்டியை ஊருக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். பாலிஸ்டைரின் டப்பாவுக்கு எதிராக யூ.எஸ்.எம். மாணவர்கள் 'வெள்ளைச் சவப்பெட்டி' என்று பெயர் வைத்து ஓர் இயக்கமே நடத்தினார்கள். வளாகத்தில் அந்த டப்பா ஒழிந்ததற்கு அவர்கள்தான் காரணம். நம் வீட்டு எவர்சில்வர் தூக்குச்சட்டி அதற்கென்றே செய்தது போல இருக்கும். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேட்டுச் சாலையில் சாம்பார் புத்தகப் பைக்குள் கொட்டினால் பருவம் முழுக்க வாசம் போகாது.

வளாகத்து உணவுக்கூடங்களில் கலவைச் சோறு மலிவு. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு எல்லாக் கூடத்திலும் வகை இருக்காது. முதல் வாரத்திலேயே எங்கே கிடைக்கிறது என்று சீனியர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுங்கை டுவா வாசலைத் தாண்டினால் வரிசையாகக் கடைகள். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் உணவுக்கடை) தமிழிலேயே பேசலாம். இரவு பதினொரு மணிக்குப் படித்துக் களைத்துப் போய் உட்கார்ந்தால், "என்ன தங்கச்சி, கறி பஞ்சிரா ஊத்தவா?" என்று கேட்பார் அண்ணன். பஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளம். சோறு மிதக்கக் கறியை ஊற்றுவதற்குப் பினாங்கு வைத்த பெயர். அவர் இராமநாதபுரத்துத் தமிழும் நீங்கள் கெடா மாநிலத்துத் தமிழும் பேச, பக்கத்து மேசையில் உங்கள் வகுப்புத் தோழர் மலாயில் தே தாரேக் சொல்ல, படிப்புக் களைப்பு பாதி அங்கேயே போய்விடும். ஆனால் தினமும் போனால் கடன் பணம் பருவ முடிவு வரை தாங்காது. வாரம் இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழோடு இருப்பது

இந்திய மாணவர் அமைப்புகள் முதல் வாரத்திலேயே உங்களைத் தேடி வரும். சேருங்கள். பொங்கல், தீபாவளிக் கலைநிகழ்ச்சி, தோட்டப்புறப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் முகாம் என்று ஆண்டு முழுக்க வேலை இருக்கும். மேடைக்குப் போகாதவர்களுக்கும் இடம் உண்டு. கணக்கு எழுதவும் அனுமதிக் கடிதம் தயாரிக்கவும் ஆள் தேவைப்படும். அனுமதிக் கடிதம் எழுதிப் பழகியவர்கள் பிறகு வேலைக்குப் போகும் இடத்தில் தனியாகத் தெரிவார்கள். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒத்திகைக்குக் கூப்பிட்டால் மரியாதையாக மறுத்துவிடலாம். நல்ல சீனியர் புரிந்துகொள்வார்.

தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறை. முதல் நாள் வெள்ளி இரதமும் தங்க இரதமும் ஜார்ஜ்டவுனிலிருந்து தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும். வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள். மலையடிவாரச் சாலைகளை மூடிவிடுவார்கள் என்பதால் வண்டியில் போக நினைக்காதீர்கள். பேருந்தில் ஜார்ஜ்டவுன் நடுவிலுள்ள கொம்தார் கோபுரம் வரை போய் நடப்பதுதான் சுலபம். மலைமேல் பாலதண்டாயுதபாணி சன்னதிக்கு ஐந்நூறுக்கும் மேல் படிகள். காலையில் வெயிலுக்கு முன்னால் ஏறி இறங்கிவிடுங்கள். நம் வகுப்பில் இருக்கும் மற்ற இனத்து நண்பர்களையும் அழைத்துப் போங்கள். காவடி ஏன் எடுக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பார்கள். பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதற்காகவாவது பாட்டியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

லிட்டில் இந்தியா என்று சொல்லும் பசார் தெருவுக்கு மாதம் ஒருமுறை போனால் போதும். பூ, ஊறுகாய், இட்லி மாவு எல்லாம் கிடைக்கும். பக்கத்திலேயே குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோவில், 1833-இல் எழுந்தது. ஜெட்டிக்குப் போகும் பேருந்தில் ஏறினால் அந்தப் பக்கமே இறங்கலாம்.

ஊருக்குப் போய் வருவது

இரயிலில் வருகிறவர்கள் பட்டர்வொர்த்தில் இறங்கி, ஃபெரியில் கடலைத் தாண்டி, ஜெட்டியிலிருந்து ரேபிட் பேருந்தில் குளுகோர் வரலாம். பெரிய பெட்டி இல்லாத நாளில் இதுதான் எனக்குப் பிடித்த வழி. விரைவுப் பேருந்து என்றால் சுங்கை நிபோங் நிலையம், வளாகத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறது. டிக்கெட்டில் பட்டர்வொர்த் என்று இருக்கிறதா, சுங்கை நிபோங் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் நடுவில் கடல் இருக்கிறது.

முதல் பருவத்தில் தீபாவளி பாடம் நடக்கும் வாரங்களிலேயே வரும். அட்டவணை கையில் கிடைத்த அன்றே டிக்கெட் வாங்கிவிடுங்கள். ஜோகூர், கோலாலம்பூர் போகிற பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு முன் தேடினால் நள்ளிரவுப் பேருந்துகூடக் கிடைக்காது. திரும்பி வரும் டிக்கெட்டையும் சேர்த்தே வாங்குங்கள். மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பு இருந்தால் முந்தின மாலைக்குள் விடுதிக்கு வந்து சேர்கிற மாதிரி வாங்குங்கள். அம்மா கட்டிக் கொடுக்கும் முறுக்கில் ஒரு டப்பா அறைத்தோழிக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள்.